பக்கத்தில் இருப்பவன்

2020 நவம்பரில் டி. நடராஜனுக்கு மகள் பிறந்தாள். அவர் அப்போது ஐக்கிய அரபு அமீரகத்தில், ஐபிஎல் தொடரின் கடைசிக் கட்ட ஆட்டங்களில், சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக யார்க்கர் வீசிக்கொண்டிருந்தார். தொடர் முடிந்து ஊருக்கு வரவில்லை. வலைப்பயிற்சியில் பந்து வீசுபவராக இந்திய அணியோடு சேர்ந்து நேரே ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினார். டிசம்பர் 2 அன்று கான்பராவில் முதல் ஒருநாள் ஆட்டம், இரண்டு நாள் கழித்து அதே ஊரில் முதல் டி20, 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். 1988க்குப் பிறகு எந்த அணியாலும் ஆஸ்திரேலியாவை டெஸ்டில் வீழ்த்த முடியாத பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் இந்தியா 328 ரன்களை விரட்டி வென்றது. நடராஜனின் ஊரான சின்னப்பம்பட்டி தன் பிள்ளையைச் சாரட்டு வண்டியில் ஏற்றி ஊர்வலமாகக் கூட்டிப்போனது. மகளுக்கு அப்போது இரண்டு மாதம் தாண்டியிருந்தது.

அந்த ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். நெசவுத் தொழிலாளி வீட்டிலிருந்து வந்த ஒருவர் அந்த உயரத்தைத் தொட்டதில் இன்றும் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் என் மனைவிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருக்கும் இந்த வேளையில் அதே கதையை நினைக்கும்போது மனம் வேறோர் இடத்தில் போய் நிற்கிறது. அந்த இரண்டு மாதம் அவர் எப்படித் தூங்கினார்? நள்ளிரவில் வந்த படத்தை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்திருப்பார்?

அதே சுற்றுப்பயணத்தில் அணித் தலைவர் விராட் கோலி முதல் டெஸ்ட் முடிந்ததும் ஊர் திரும்பினார். அடிலெய்டில் இந்தியா 36 ரன்களுக்குச் சுருண்டிருந்த நேரம். முதல் குழந்தையின் பிறப்புக்காக முன்கூட்டியே கேட்டு வாங்கிய விடுப்பு அது. இருந்தும் பலர் முகம் சுளித்தார்கள். கப்பல் மூழ்கும்போது தலைவன் இறங்கலாமா என்றார்கள். இந்தியா அடுத்த டெஸ்டை மெல்போர்னில் வென்றது, தொடரையும் 2-1 என்று வென்றது. அதே டிசம்பரில் நியூசிலாந்தின் கேன் வில்லியம்சனும் முதல் குழந்தைக்காக ஒரு டெஸ்டை விட்டுக்கொடுத்தார். அவர் இல்லாமலே அந்த அணி மேற்கிந்தியத் தீவுகளை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்றது. ஆட்டம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை, யார் இல்லாமலும் நின்றுபோவதும் இல்லை.

கோலி போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் செய்தது சரி. என்னை உறுத்துவது ஒரே அணியின் ஒரே பயணத்தில் இருந்த இரண்டு தகப்பன்களுக்கு நடுவே இருந்த தூரம்தான். ஒருவர் கேட்டார், கிடைத்தது. மற்றவர் புதியவர், இடம் நிலையில்லாதவர், கேட்கும் நிலையிலேயே இல்லாதவர். இதைச் சுனில் கவாஸ்கர் அப்போதே தன் பத்தியில் எழுதினார். அவருடைய மகன் ரோகன் 1976 பிப்ரவரியில் பிறந்தபோது அவரும் நியூசிலாந்தில் ஆடிக்கொண்டிருந்தார். அங்கிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய், ஆடி முடித்துத்தான் மகனைப் பார்த்தார். 2015 பிப்ரவரியில் தோனிக்கு மகள் பிறந்தபோது அவர் உலகக் கோப்பைக்காக ஆஸ்திரேலியாவில் இருந்தார். நாட்டுக்கான பணி முதலில், மற்றவை காத்திருக்கட்டும் என்ற பொருளில் அவர் சொன்ன பதிலை ஊரே மெச்சியது. மறுவருடம் ஜனவரியில், ஆஸ்திரேலிய ஓபன் தொடங்கும் முன்பே, மனைவிக்கு வலி எடுத்தால் இறுதி ஆட்டமாக இருந்தாலும் கிளம்பிவிடுவேன் என்று ஆண்டி முர்ரே சொல்லிவைத்தார். இந்த இரண்டு பதில்களில் எதைக் கேட்டு நாம் கைதட்டுகிறோம் என்பதில் தகப்பனைப் பற்றிய நம் எண்ணம் முழுவதும் இருக்கிறது. பிள்ளையைப் பார்க்காமல் இருப்பதை ஆணின் தியாகம் என்று கொண்டாடிப் பழகிவிட்டோம். பார்க்க வருகிறவனைத்தான் சந்தேகத்தோடு பார்க்கிறோம்.

நடராஜனின் மகள் பிறந்த செய்தியில் இன்னொன்றும் இருக்கிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கப்பட்டது சேலம் மாவட்டத்தில்தான். அந்த மாவட்டத்துக்காரர் ஒருவருக்குப் பெண் பிறந்ததை அணி பகிரங்கமாக வாழ்த்தியது. முப்பது வருடங்களுக்குள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். ஸ்கேன் அறைச் சுவரில் கருவின் பாலினத்தைச் சொல்வது குற்றம் என்ற அறிவிப்புப் பலகையைப் பார்த்தபோது, 1994இல் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களுக்கும் அதற்காகத் தெருவில் நின்ற பெண்களுக்கும் மனத்துக்குள் நன்றி சொன்னேன். சட்டமும் பிரச்சாரமும் சேர்ந்தால் தகப்பனின் மனத்தை மாற்ற முடியும் என்பதற்கு அந்தப் பலகை ஒரு சாட்சி.

*

தலைப்பிரசவம் தாய்வீட்டில். எங்கள் வீட்டிலும் வளைகாப்பு முடிந்ததும் என் மனைவியைக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனார்கள். நான் சென்னையில் வேலையும் வாரக்கடைசியில் ரயிலுமாக இருக்கிறேன்.

இந்த ஏற்பாட்டில் உள்ள அறிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மருமகளாக வளைய வந்த பெண் அங்கே மறுபடி மகளாகிறாள். எப்போது எழுந்தாய் என்று கேட்க ஆளில்லை. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, பிரசவ லேகியம் என்று எல்லாவற்றுக்கும் அத்தை இப்போதே பட்டியல் வைத்திருக்கிறார். உடம்பு தேறும்வரை அவள் தரையில் கால் வைக்க வேண்டியதில்லை. இதற்கு ஈடான கவனிப்பைச் சென்னையின் இரண்டு அறை வாடகை வீட்டில் என்னால் தர முடியாது.

ஆனால் இந்த ஏற்பாட்டில் தகப்பனுக்கு இருக்கும் இடம் விருந்தாளியின் இடம். காப்பி தருவார்கள், நாற்காலி போடுவார்கள், "மாப்ளைக்கு வெந்நீர் வைங்க" என்பார்கள். குழந்தை பிறந்த பிறகும் கையில் கொடுத்து, கொஞ்ச நேரத்தில் அழுததும் வாங்கிக்கொள்வார்கள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாயும் பிள்ளையுமாக அவன் வீட்டுக்கு வரும்போது, குழந்தையின் அழுகையில் எது பசி, எது தூக்கம் என்று அவனைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு அவன் கற்றுக்கொள்வது கடினம். கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

என் மாமனார் லாரி ஓட்டியவர். கோவில்பட்டித் தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்வருவார். ஒரு நாள் இரவு சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, கேட்காமலே சொன்னார்.

"இவ பொறந்த அன்னைக்கு நான் நாக்பூர்ல இருந்தேன் மாப்ள. லோடு எறக்கிட்டு எஸ்டிடி பூத்துக்குப் போயி பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் போட்டேன். பொட்டப் புள்ள, ரெண்டு உசுரும் நல்லாருக்குன்னாங்க. அவ்வளவுதான், மீட்டர் ஓடுது, வச்சிட்டேன். கிளீனர் பயலுக்கு ஒரு ஜிலேபி வாங்கிக் குடுத்தேன். ரிட்டன் லோடு கெடைக்காம அங்கனயே கெடந்து, ஊரு வந்து சேர மாசம் ஒண்ணு ஆயிப்போச்சு."

அப்போது பார்த்ததும் என்ன தோன்றியது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"என்னத்தத் தோணும். அவ என்னயப் பாத்து அழுதா. வேத்தாளுன்னு நெனச்சிருப்பா."

எழுபதை நெருங்கும் மனிதர். மகளைப் படிக்கவைத்து வேலைக்கு அனுப்பியவர். ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டரையும் அவளுக்காகத்தான் ஓடினார். அந்த ஓட்டம் இல்லாமல் என் மனைவியின் படிப்பு இல்லை. அப்படியிருந்தும் அந்த முதல் மாதத்தை அவருக்கு யாரும் திருப்பித் தரவில்லை. அவரிடம் தியாகத்தின் பெருமிதம் எதுவும் இல்லை. இழப்புத்தான் இருந்தது.

*

தென்மாவட்ட இரவு ரயில்களில் பேச்சு எளிதில் தொடங்கும். விழுப்புரம் தாண்டும்வரை ஊர், வேலை, சம்பளம். விருத்தாசலம் தாண்டினால் குடும்பம். ஒருமுறை முன்பதிவில்லாப் பெட்டியில் கழிவறைப் பக்கத்து இரும்புத் தரையில் பெட்டியின் மேல் உட்கார்ந்து வந்தவர் துணை ராணுவப் படையில் இருப்பவர். வடகிழக்கிலிருந்து கிளம்பி, ரயில் மாறி ரயில் மாறி வந்துகொண்டிருந்தார். சாத்தூரில் இறங்க வேண்டும். நீலத் துணி உறை போட்ட தகரப் பெட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் பையில் சிவப்பு நிறக் குழந்தை ஸ்வெட்டர். சாத்தூர் வெயிலுக்கு அது எதற்கு என்று எனக்குத் தோன்றியதை அவரே சொன்னார்.

"நம்மூருக்கு இது தேவையே இல்ல சார். அங்க கடையில பாத்தேன். வாங்கணும்னு தோணுச்சு. பையனுக்கு அஞ்சு மாசம். இன்னும் தூக்கிப் பாக்கல."

விடுப்பு இல்லையா என்றேன்.

"லீவு இருக்கு சார், பதினஞ்சு நாள் குடுக்குறாங்க. ஆறு மாசத்துக்குள்ள எடுத்துக்கலாம். ஆளு பத்தாதுன்னு தள்ளித் தள்ளிப் போச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அதுவும் கைய விட்டுப் போயிருக்கும்."

மதுரைக்கு முன்பே எழுந்து நின்றுவிட்டார். சாத்தூருக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.

கோவில்பட்டியில் விடிகாலையில் இறங்கினால் ஊர் ஏற்கனவே விழித்திருக்கும். கடலைமிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன ஊர், ஹாக்கிக்கும் பேர்போனது. லட்சுமி அம்மாள் கோப்பைக்காக நாட்டின் பல மூலைகளிலிருந்தும் அணிகள் இங்கே வந்து ஆடுகின்றன. செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது. தெருவில் மட்டையோடு போகும் சிறுவர்களை யாரும் நின்று பார்ப்பதில்லை, அவ்வளவு இயல்பு. ஒரு காலையில் மைதானத்து வாசலில் ஒருவர் டிவிஎஸ் எக்ஸெல்லை நிறுத்திவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பத்து வயதிருக்கும் மகளின் முழங்காலுக்குக் கீழே காப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ் கறை, பட்டறை வேலையாக இருக்கும். பட்டை இறுக்கமா என்று ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். அவள் காலை உதறிப் பார்த்து, "சரிப்பா" என்றாள். உள்ளே ஓடிவிட்டாள். அவர் வண்டியைக் கிளப்பவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காபாவில் விழுந்த விக்கெட்டுகளைப் போலவே இதுவும் எனக்கு விளையாட்டு வரலாறுதான். எந்த வீராங்கனையின் கதையிலும் முதல் அத்தியாயத்தில் இப்படி யாரோ ஒருவர் பட்டையின் இறுக்கத்தை விரல் விட்டுப் பார்த்திருப்பார்.

*

தாய் பத்து மாதம் சுமந்து தாயாகிறாள். தகப்பனுக்கு உடம்பில் ஒன்றும் நடப்பதில்லை, அவன் மனத்தளவில் மெதுவாகத்தான் தகப்பனாவான் என்பது நம்மிடையே உள்ள பொது நம்பிக்கை. பாதிதான் சரி. பிலிப்பைன்ஸின் செபு பகுதியில் 624 இளைஞர்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து செய்த ஆய்வொன்று 2011இல் வெளியானது. தந்தையானவர்களிடம் டெஸ்டோஸ்டிரோன் அளவு கணிசமாகக் குறைந்திருந்தது. குழந்தையோடு தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் செலவிட்டவர்களிடம் அது இன்னும் குறைவாக இருந்தது. குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் ஆணின் உடம்பும் அதற்கேற்றபடி இளகுகிறது. தகப்பனாவது ரத்தத்திலும் நடக்கும் காரியம், ஆனால் அது நடக்க அவன் குழந்தைக்கு அருகில் இருக்க வேண்டும்.

இதைப் படித்த பிறகு நான் அத்தையிடம் போய் வேலை கற்றுக்கொள்ளக் கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு தூளி கட்டச் சொல்லிக்கொடுத்தார். பழைய நூல் சேலையாக இருக்க வேண்டும். பலமுறை துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. உத்தரத்துக் கொக்கியில் கயிற்றை முதலில் இரண்டு சுற்று, பிறகு சேலையின் இரு முனைகளையும் சேர்த்து முடிச்சு. முடிச்சு மேலே ஏற வேண்டும், குழந்தையின் தலைப்பக்கம் வரக் கூடாது. கட்டி முடித்ததும் இரண்டு கையாலும் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார் அத்தை. "நம்ம தொங்குனா தாங்கணும். அப்பத்தான் புள்ளையப் போடலாம்" என்றார். நானும் தொங்கிப் பார்த்தேன். மாமா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. மறுநாள் கடைக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கிவந்தார்.

*

அரசியலைப் பற்றிப் பேசும்போது ஆட்சி, கூட்டணி, தலைவர் என்று பேசிப் பழகியிருக்கிறோம். இந்த மாதங்களில் எனக்கு அரசியல் வேறு வடிவத்தில் தெரிகிறது. கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பத்தைப் பதிந்துகொடுத்த பிக்மி எண், இரும்புச்சத்து மாத்திரைப் பட்டை, எப்போது கூப்பிட்டாலும் வரும் 108, நள்ளிரவிலும் அறுவைச் சிகிச்சைக்கு ஆளிருக்கும் அரசு மருத்துவமனை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் இன்று 18,000 ரூபாய் வரை கிடைக்கிறது. 2018-20 கணக்கின்படி, உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இறக்கும் தாய்மார்களின் எண்ணிக்கை நாடு முழுவதுக்கும் 97, தமிழ்நாட்டில் 54. ஒவ்வோர் ஆட்சியும் முந்தையது கட்டியதன்மேல் கட்டியதால் குறைந்த எண் இது. என் மனைவி பயமில்லாமல் தூங்குகிறாள் என்றால் அதற்குக் காரணம் இந்த அரசியல்.

இந்த அரசியல் தாயைக் கண்டுகொண்டது, குழந்தையைக் கண்டுகொண்டது. தகப்பனை இன்னும் கண்டுகொள்ளவில்லை.

இப்போது பிள்ளைகளைப் பற்றி அரசியல் அதிகம் பேசுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 1976ஆம் ஆண்டு 42ஆவது திருத்தம், மாநிலங்களுக்கான மக்களவை இடங்களை 1971 கணக்கெடுப்பின்படி நிறுத்திவைத்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தும் மாநிலம் தண்டிக்கப்படக் கூடாது என்பது நோக்கம். 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை என்றது 2020இன் மாதிரிப் பதிவுக் கணக்கு. 39 இடங்களின் எதிர்காலம் இந்த எண்ணோடு பிணைந்திருக்கிறது. 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்துத் திருமண விழா ஒன்றில் முதலமைச்சர் ஸ்டாலின் மணமக்களிடம் சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னது இந்தக் கவலையில்தான். 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்பில் எங்கள் குழந்தையும் ஒரு தலையாக எண்ணப்படும். தமிழ்நாட்டின் வாதத்தில் நியாயம் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறவன் நான். சொன்னதைச் செய்த மாநிலத்தின் குரலைக் குறைப்பது அநீதி.

ஆனால் எண்ணிக்கையைப் பற்றிய இந்தப் பேச்சில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாடு முழுக்கப் பெண் கருத்தடை அறுவைச் சிகிச்சை 37.9 சதவீதம், ஆணுடையது 0.3 சதவீதம். குறைத்துப் பெறுங்கள் என்று அரசு சொன்னபோது கத்திக்குப் படுத்தவள் அவள். இன்று கூடுதலாகப் பெறுங்கள் என்று சொன்னால் அதற்கும் உடம்பைத் தரப்போகிறவள் அவள்தான். இரண்டாவது பிள்ளையை நினைத்துப் பார்க்கவே பெண்கள் ஏன் அஞ்சுகிறார்கள் என்பதற்குப் பெரிய விடை தேட வேண்டியதில்லை. முதல் பிள்ளையின் இரவுகளில் அவர்கள் தனியாக இருந்தார்கள்.

சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பேறுகால நலச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம் பெண்களுக்கான விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. தமிழ்நாடு அரசு 2021இல் தன் பெண் ஊழியர்களுக்கு அதை ஓராண்டாக்கியது. இரண்டும் நல்ல காரியங்கள். மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள் உண்டு. சிக்கிம் அரசு 2023இல் ஆண் ஊழியர்களுக்கு ஒரு மாதம் அறிவித்தது. தனியார் துறையில் இருக்கும் தகப்பனுக்கு நாடு தழுவிய சட்டம் எதுவும் இல்லை. நிறுவனம் கொடுத்தால் உண்டு. எல்லாத் தகப்பன்களுக்கும் விடுப்பு கேட்டு ராஜீவ் சாத்தவ் 2017இல் மக்களவையில் தனிநபர் மசோதா ஒன்று கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. ஸ்வீடன் 1974இலேயே பேறுகால விடுப்பைத் தாய் தகப்பன் இருவருக்குமான விடுப்பாக மாற்றிவிட்டது. இன்று அங்கே இருவருக்கும் சேர்த்து 480 நாள், அதில் ஆளுக்கு 90 நாளை மற்றவருக்கு மாற்றித் தர முடியாது. தகப்பன் எடுக்காவிட்டால் அந்த நாட்கள் குடும்பத்துக்கு இல்லை. அந்த ஒரு விதி போதும், அலுவலகத்தில் அவன் வெட்கப்படாமல் கேட்பதற்கு.

விடுப்பு என்ற சொல்லே பொருந்தாதவர்கள் நம்மிடம் அதிகம். உணவு கொண்டுவரும் இளைஞன், வாடகைக் கார் ஓட்டுபவர், கொத்தனார், என் மாமாவைப் போல லாரியில் போகிறவர். அவர்களுக்கு வேலைக்குப் போகாத நாள் கூலியில்லாத நாள். இங்கேதான் தமிழ்நாட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்கள் ஏற்கனவே இருக்கின்றன. கல்விக்கும் திருமணத்துக்கும் பேறுகாலத்துக்கும் உதவி தருகின்றன. குழந்தை பிறந்த தகப்பனுக்கு இரண்டு வாரக் கூலியை அதே வாரியம் தரட்டும். நாக்பூரில் ரிட்டன் லோடுக்காகக் கிடப்பவன் ரயிலேறி ஊருக்கு வர அது போதும்.

பிரசவ அறை வாசல் அடுத்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்குத் துணையாக ஒருவரை உள்ளே விடுகிறார்கள். பெரும்பாலும் தாய், சகோதரி, மாமியார் என்று ஒரு பெண். ஆணை விடாததற்கு நியாயமான காரணம் உண்டு. ஒரே கூடத்தில் பல பெண்கள் வலியோடு படுத்திருக்கிறார்கள், அவர்களின் மானம் காக்கப்பட வேண்டும். ஆகவே இது மனமாற்றத்தைவிடக் கட்டடத்தைப் பற்றிய பிரச்சினை. கட்டிலுக்குக் கட்டில் தடுப்பு வேண்டும், தனித்தனி வாசல் வேண்டும். அதைக் கட்டிவிட்டால் யாரை உள்ளே அழைப்பது என்று அவளே முடிவு செய்யலாம். அம்மா வேண்டும் என்றால் அம்மா, கணவன் வேண்டும் என்றால் கணவன்.

*

பக்கத்தில் இருந்த தகப்பன்களும் நம்மிடையே இல்லாமல் இல்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 18 வயது குகேஷ் உலகச் சதுரங்கப் பட்டத்தை வென்ற மாலையில், அரங்குக்கு வெளியே கைப்பேசியோடு நடந்துகொண்டே இருந்த அவருடைய தந்தையை எல்லோரும் பார்த்தோம். காது மூக்கு தொண்டை மருத்துவரான ரஜினிகாந்த், மகனோடு போட்டி போட்டியாக ஊர் ஊராகப் போவதற்காகத் தன் மருத்துவப் பணியை நிறுத்திவைத்தவர். நாம் தந்தையின் தியாகம் என்று அதையும் எழுதினோம். ஆனால் அந்த வருடங்களில் வீட்டை நடத்தியது நுண்ணுயிரியல் துறையில் வேலை பார்த்த தாய் பத்மாவின் சம்பளம். ஒரு தகப்பன் பிள்ளையின் பக்கத்தில் இருந்தார் என்றால், அந்த நேரத்துக்கான விலையை யாரோ கொடுத்திருக்கிறார்கள். பிரக்ஞானந்தாவுக்கு அது மறுபுறமாக இருந்தது. தாய் நாகலட்சுமி அடுப்பும் அரிசியுமாகக் கூடவே போனார், வங்கியில் வேலை பார்த்த தந்தை ரமேஷ்பாபு வீட்டைத் தாங்கினார்.

இரண்டு வீட்டிலும் இரண்டு சம்பளம் அல்லது ஒரு நிலையான வேலை இருந்தது. அது இல்லாத வீடுகளில்தான் இந்த மாநிலத்தின் பெரும்பாலான குழந்தைகள் பிறக்கின்றன. அந்த வீட்டுத் தகப்பனின் நேரத்துக்கான விலையைச் சமூகம் கொடுக்க வேண்டும். தாயின் உயிரைக் காப்பது எல்லோருடைய பொறுப்பு என்று நாம் ஒப்புக்கொண்ட நாளில்தான் இறப்பு எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. தகப்பனின் அருகாமையையும் அப்படி ஒப்புக்கொள்ள முடியும்.

நான் கொடுத்துவைத்தவன். என் அலுவலகம் சில நாள் தருகிறது, மீதியைச் சேர்த்துவைத்த விடுப்பிலிருந்து எடுக்கிறேன். கோவில்பட்டியிலேயே தங்கப்போகிறேன். குளிக்க வைக்கவும் துணி மாற்றவும் ஏப்பம் விடத் தோளில் போட்டுத் தட்டவும் அத்தையிடம் கற்றுக்கொள்வேன், இரவு விழிப்பில் பாதியை எடுத்துக்கொள்வேன் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். "சொல்றது பெருசில்ல, எந்திரிக்கணும்" என்றாள். எழுவேன்.

சாத்தூரில் இறங்கியவருக்கு அந்தப் பதினைந்து நாளைத் தள்ளிப்போட யாருக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. நெட்டில் பந்து வீச வந்த புதியவருக்கும் அணித் தலைவருக்கும் ஒரே விதி இருக்க வேண்டும். வாக்குக் கேட்டு எங்கள் தெருவுக்கு வருகிறவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் நான் இதைத்தான் கேட்கப்போகிறேன்: தகப்பனுக்கான நாட்களைச் சட்டத்தில் எழுதுவீர்களா, கூலிக்காரத் தகப்பனுக்கு அந்த நாட்களுக்கான பணத்தை ஒதுக்குவீர்களா, பிரசவ அறையில் தடுப்புச் சுவர் கட்டுவீர்களா? குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்பேன். பதில் கிடைக்கும்வரை ஒவ்வொரு தேர்தலிலும் கேட்பேன்.